டிசைன் படிக்கிறேன், கோடிங் கத்துக்கிறேன், வழக்கமான புத்தகமா இல்லாத ஒரு டிஜிட்டல் புத்தகம் பண்ணணும், எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?

நீங்க கேட்டத முதல்ல என் வார்த்தையில திருப்பிச் சொல்லிடுறேன், சரியா புரிஞ்சுக்கிட்டேனான்னு பாருங்க. டிசைன் மூணாவது வருஷம், ஆறு மாசமா யூடியூப் பாத்து ஜாவாஸ்கிரிப்ட் படிக்கிறீங்க, கடைசி வருஷ ப்ராஜெக்ட்டா எக்ஸ்பெரிமெண்டலா ஒரு டிஜிட்டல் பப்ளிகேஷன் பண்ணணும், அதுக்கு ஜாவாஸ்கிரிப்ட் போதுமா பைத்தான் வேணுமா, ரியாக்ட் தெரியாம முடியுமா, ஏஐகிட்ட கேட்டு எழுதிக்கலாமா, இதுக்கெல்லாம் வெளிய வேலை இருக்கா. ஆனா கேள்வியோட கடைசியில போகிற போக்குல ஒரு வரி எழுதியிருக்கீங்க, "என்ன பண்ணாலும் கடைசியில ஒரு வெப்சைட் மாதிரியோ பிடிஎஃப் மாதிரியோதான் வந்து நிக்குது"ன்னு. எனக்கு அதுதான் உண்மையான கேள்வியா படுது. எந்த லாங்குவேஜ்ங்கிறதுக்கு ரெண்டு வரியில பதில் சொல்லிடலாம், இதுக்குத்தான் நீளமா எழுத வேண்டியிருக்கு.

நான் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிச்சவன் இல்ல, மொதல்லயே சொல்லிடுறேன். 2002ல ஒரு டிடிபி சென்டர்ல பேஜ்மேக்கர் முன்னாடி உக்காந்தவன், அங்கிருந்து புத்தக வடிவமைப்பு, முப்பது வயசுக்கு மேல கோடிங். அதனால சாஃப்ட்வேர் கம்பெனி எதிர்பார்க்கிற கோடு எப்படி இருக்கணும்னு எங்கிட்ட கேக்காதீங்க. பக்கம், எழுத்து, மை, தாள், அதுக்கு நடுவுல கோடு எங்க வருதுன்னு கேட்டா சொல்வேன்.

டிடிபி காலத்துக் கதை ஒண்ணு இதுக்கு நேரா சம்பந்தப்பட்டது. அப்ப நாங்க அடிச்சது பாமினி மாதிரி ஃபான்ட்ல. பாமினில 'தமிழ்'னு அடிக்கணும்னா கீபோர்டுல ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஒரு செமிகோலன். கம்ப்யூட்டரப் பொறுத்தவரை அது நாலு இங்கிலீஷ் எழுத்தும் ஒரு நிறுத்தக்குறியும்தான், மேல தமிழ் முகமூடி போட்ட ஃபான்ட் இருந்ததால நமக்குத் தமிழாத் தெரிஞ்சுச்சு, அவ்ளோதான். 'கெ' அடிக்க முதல்ல கொம்பு, அப்புறம் க. அச்சு கோக்கிறவர் கேஸ்ல இருந்து ஈய எழுத்த எடுத்து எந்த வரிசையில அடுக்குவாரோ அதே வரிசை, கண்ணுக்கு எப்படித் தெரியுதோ அப்படியே. பத்து வருஷம் கழிச்சு அந்த ஃபைல்கள்ல சிலதத் திறந்தேன், ஃபான்ட் இல்ல, பக்கம் முழுக்க ஜேயும் கேயும் செமிகோலனும். ராத்திரி ராத்திரியா முழிச்சு லே-அவுட் பண்ண ஒரு சிற்றிதழோட நாலு இதழ் அப்படிக் கிடக்கு. டெக்ஸ்ட்டும் தோற்றமும் பிரிக்க முடியாம ஒட்டிக்கிட்டா என்ன ஆகும்னு எனக்குப் பாடம் எடுத்தது அதுதான், எந்த கோர்ஸும் இல்ல.

இப்ப யூனிகோடு. உங்க குரோம்ல கன்சோல, அதாவது கோடு அடிச்சுப் பாக்கிற பெட்டியத் திறந்து, ஒற்றை மேற்கோளுக்குள்ள தமிழ்னு அடிச்சு, பக்கத்துல டாட் போட்டு லெங்த்னு கேளுங்க. 3 வரும்னு நினைப்பீங்க, 5 வரும். த ஒண்ணு, ம ஒண்ணு, இகரக் கொக்கி ஒண்ணு, ழ ஒண்ணு, புள்ளி ஒண்ணு. அப்புறம் எல்லா டுட்டோரியல்லயும் வருமே, வார்த்தையத் துண்டு போட்டு தலைகீழாத் திருப்பி ஒட்டுறது, அதப் பண்ணிப் பாருங்க. முன்னாடி ஒரு புள்ளிவட்டத்து மேல அநாதையா ஒரு புள்ளி நிக்கும், அடுத்து 'ழி', அப்புறம் ம, த. மகரத்தோட கொக்கி ழகரத்துக்குத் தாவியிருக்கும். அந்தப் புள்ளிவட்டம் என்ன சொல்லுதுன்னா, இந்தக் குறிக்கு ஏறி உக்கார எழுத்து இல்லன்னு. நான் முதல் தடவ பாத்தப்ப பக் வந்துடுச்சுன்னு பதறிட்டேன், பக் இல்ல அது, எழுத்துன்னு நாம சொல்றதும் மெஷின் சொல்றதும் வேற வேறன்னு பச்சையாக் காட்டுற இடம். சரியாப் பிரிக்கணும்னா ஜாவாஸ்கிரிப்ட்லயே இன்ட்ல் செக்மென்டர்னு ஒண்ணு இருக்கு, அது த, மி, ழ்னு மூணா அழகாப் பிரிச்சுக் கொடுக்கும். ஆனா அதுவே க்ஷவ ரெண்டாத்தான் பிரிக்கும், ஸ்ரீயையும் ரெண்டாத்தான். அது சரியா தப்பான்னு முடிவு பண்ண வேண்டியது நீங்க. இந்த மாதிரி இடத்துலதான் டிசைனருக்கு கோடிங் சுவாரசியமாகுது, பட்டன்ல அனிமேஷன் போடுற இடத்துல இல்ல.

சரி, லாங்குவேஜ் கேள்விய முடிச்சுடுறேன். எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் ரெண்டையும் ஒழுங்காப் படிங்க, "அது கோடிங்கே இல்ல"ன்னு ஹாஸ்டல்ல யாராவது சொன்னா சிரிச்சுட்டுப் போயிடுங்க. ஜாவாஸ்கிரிப்ட் கொஞ்சம், அதாவது இஃப், லூப், ஃபங்ஷன், ஒரு லிஸ்ட்ட எடுத்துப் பக்கத்துல காட்டுறது, இவ்ளோ போதும். பைத்தான் எப்ப வேணும்னா, முந்நூறு பக்க டெக்ஸ்ட்ட சுத்தம் பண்ணணும், நம்பர் எடுக்கணும், பிரிச்சு அடுக்கணும்னு வரும்போது, அப்பப் படிச்சாப் போதும். ரியாக்ட் இப்ப வேண்டாம், அது அடிக்கடி மாறுற ஸ்கிரீன் நிறைய இருக்கிற ஆப்புக்காக வந்தது, உங்களுக்கு இருக்கப்போறது ஒரு டெக்ஸ்ட்டும் சில விதிகளும். கோடு எழுதிப் படம் வரையிற பி5 ஜேஎஸ் லைப்ரரிய கத்துக்கங்கன்னு உங்க ஃபேகல்டி சொல்லியிருக்கலாம், நல்ல யோசனைதான். கேசி ரீஸும் பென் ஃப்ரையும் எம்ஐடி மீடியா லேப்ல இருந்தப்ப 2001ல ஆரம்பிச்ச ப்ராசஸிங்கோட பிரவுசர் வாரிசு அது, லாரன் லீ மெக்கார்த்தி 2013ல தொடங்கினது, கலைஞர்களையும் டிசைனர்களையும் மனசுல வெச்சே செஞ்சது. ஆனா தமிழ்ல ஒரு குழி இருக்கு, அதுல நான் ரெண்டு நாள் விழுந்து கிடந்தேன். பழைய வெர்ஷன்கள்ல லோட்ஃபான்ட்னு போட்டு ஃபான்ட் ஃபைல உள்ள கொண்டுவந்தீங்கன்னா எழுத்த வரையிற வேலைய பிரவுசர்கிட்ட கொடுக்காம அதுவே செஞ்சுக்கும், அதுக்குக் கொம்ப எந்தப் பக்கம் வைக்கணும்னு தெரியாது, 'கொய்யா'ன்னு எழுதுனா குதறிப்போயிடும். அதுக்கு பதிலா ஃபான்ட்ட சிஎஸ்எஸ்ல சொல்லிட்டு இங்க பேர மட்டும் கொடுத்தா பிரவுசர் வரையும், பிரவுசருக்குள்ள தமிழ் எழுத்தச் சேக்கிறதுக்குன்னே ஹார்ஃப்பஸ் மாதிரி இன்ஜின் இருக்கு, சரியா வரும்.

இப்ப நிஜக் கேள்வி. ஏன் எல்லாம் வெப்சைட் மாதிரியே வந்து நிக்குது? ஏன்னா டூல முதல்ல திறந்துட்டு அப்புறமா உள்ள போட டெக்ஸ்ட் தேடுறோம். டூலுக்குன்னு ஒரு பழக்கம் இருக்கு, அது தன் பழக்கத்துக்கு உங்களக் கூட்டிட்டுப் போயிடும். பக்கம் புரளுற மாதிரி அனிமேஷன் வெச்ச மின்னிதழ்கள் பாத்திருப்பீங்க, சரக் சரக்னு சத்தத்தோட, என் கணக்குல பரிசோதனைங்கிற பேர்ல நடக்கிறதுலயே பரிசோதனை கம்மியா இருக்கிறது அதுதான். டெக்ஸ்ட்டுக்குள்ள ஏற்கனவே ஒரு ஒழுங்கு இருக்கும், நேரமோ, ஆளோ, எண்ணோ, ஊரோ. அந்த ஒழுங்க எடுத்து விதியா எழுதுங்க, வடிவம் அதுலருந்து வரட்டும். சொன்னா லேசா இருக்கு, ஒரு உதாரணத்தோட காட்டுறேன், நீங்க இதையே எடுத்துக்கிட்டாலும் எனக்கு ஆட்சேபணை இல்ல.

ஐங்குறுநூறு எடுத்துக்கங்க. 500 பாட்டு, அஞ்சு திணை, திணைக்கு 100, ஒவ்வொரு நூறும் ஒரே புலவர், மருதம் ஓரம்போகியார், நெய்தல் அம்மூவனார், குறிஞ்சி கபிலர், பாலை ஓதலாந்தையார், முல்லை பேயனார். ஒவ்வொரு நூறும் பத்துப் பத்தாப் பிரிஞ்சு அதுக்கும் வேட்கைப் பத்து, கிள்ளைப் பத்துன்னு தனித்தனிப் பேர். பாட்டு ஒவ்வொண்ணும் 3 வரியில இருந்து 6 வரி. இத ஒரு டிசைனர் கண்ணோட பாருங்களேன், எக்ஸெல் ஷீட் மாதிரி அடுக்கி வெச்சிருக்காங்க, எண், திணை, புலவர், பத்து, யார் பேசுறா, எல்லாம் காலம் காலமாத் தயாரா இருக்கு. டேட்டா ஸ்ட்ரக்சர்னா என்னன்னு யாராவது கேட்டா நான் இதத்தான் காட்டுவேன். உ.வே.சா. 1903ல இத முதல்ல அச்சிட்டார், அவர் காலமானது 1942, நம்ம சட்டத்துல ஆசிரியர் இறந்து 60 வருஷம்தான் காப்புரிமை, அதனால மூலமும் அவர் பதிப்பும் எடுத்தாளத் தடையில்ல. பின்னாடி வந்தவங்க எழுதுன உரைகள மட்டும் எடுத்துப் போட்டுடாதீங்க, அதுல பலதுக்கு இன்னும் உரிமை இருக்கு. டைப் பண்ண டெக்ஸ்ட் மதுரைத் திட்டங்கிற இணைய நூலகத்துல தேடுங்க, 1998 பொங்கல்ல இருந்து தன்னார்வலர்கள் உக்காந்து அடிச்சுப் போட்டுட்டு வர்றாங்க.

திணைக்குச் சிறுபொழுது உண்டுன்னு பத்தாம் வகுப்புல படிச்சிருப்பீங்க. முல்லைக்கு மாலை, குறிஞ்சிக்கு யாமம், மருதத்துக்கு வைகறை, பாலைக்கு நண்பகல், நெய்தலுக்கு எற்பாடு, அதாவது சூரியன் சாயுற பிற்பகல். நாள ஆறாப் பிரிச்சா ஒண்ணு நாலு மணி நேரம். இப்ப ஒரு பக்கம் செய்யுங்க, பட்டன் இல்ல, மெனு இல்ல, திறந்தா ஒரே ஒரு பாட்டு, எந்தப் பாட்டுங்கிறத வாசிக்கிறவங்க கடிகாரம் முடிவு பண்ணும். சாயங்காலம் 6ல இருந்து 10க்குள்ள திறந்தா முல்லை, ராத்திரி 10ல இருந்து 2 வரைக்கும் குறிஞ்சி. பாலை படிக்கணும்னா உச்சி வெயில் வரைக்கும் காத்திருக்கணும். கோடா எழுதுனா நேரத்தக் கேக்கிறது ஒரு வரி, அஞ்சு இஃப், அவ்ளோதான், உங்க ஆறு மாசப் படிப்பே தாராளம்.

ஆனா எழுத உக்காந்தவுடனே மூணு விஷயம் இடிக்கும். மொதல்ல குறிஞ்சி வராது. ஏன்னா 22க்கு மேல, 2க்குக் கீழ, ரெண்டும் இருந்தா குறிஞ்சின்னு 'அண்ட்' போட்டு எழுதியிருப்பீங்க, எந்த எண்ணும் ஒரே நேரத்துல 22க்கு மேலயும் 2க்குக் கீழயும் இருக்காது, 'ஆர்' போடணும். நடு ராத்திரியத் தாண்டுற எல்லாக் கணக்குலயும் இந்த முள் இருக்கும், ஒரு தடவ குத்துனா மறக்காது. ரெண்டாவதுதான் முக்கியம், காலை 6ல இருந்து 10 வரைக்கும் என்ன காட்டப்போறீங்க? பள்ளிக்கூடப் பாடப்படி அந்தப் பொழுது எந்தத் திணைக்கும் கிடையாது. தொல்காப்பியத்துல பாத்தா "வைகறை விடியல் மருதம்"னு ரெண்டு சொல்லு இருக்கு, விடியலைத் தனிப் பொழுதா எடுத்துக்கிட்டா காலையையும் மருதத்துக்கே கொடுத்துடலாம். ரெண்டுக்கும் ஆதரவு இருக்கு. காலையில வெறும் பக்கம் காட்டுறதா, மருதம் காட்டுறதான்னு நீங்கதான் முடிவெடுக்கணும், அந்த முடிவு ஒரு இஃப்ல உக்காரும். உரையாசிரியர் பக்கம் பக்கமா விவாதிக்கிறத நீங்க ஒரு வரி கோடுல பண்றீங்க, பதிப்பாசிரியர் வேல அதுதானே. மூணாவது, பாட்டு 129, 130 ரெண்டும் கிடைக்கல, நெய்தல் நூறுல ஒரு பத்தோட கடைசி ரெண்டு பாட்டு. மத்தியானம் மூணு மணிக்கு ஒருத்தர் திறந்து, சீட்டுக் குலுக்கலா 129 விழுந்தா? தாண்டிப் போயிடலாம், பாதிப் பேர் அதத்தான் பண்ணுவாங்க. நானா இருந்தா எண்ண மட்டும் போட்டு கீழ ஒண்ணும் இல்லாம விடுவேன். அது என் ருசி, விதி இல்ல.

இதுல ஒரு போனஸும் இருக்கு, நேரம் வாசிக்கிறவங்க போன்ல இருந்து வருது. டொரண்டோல ஒருத்தர் சாயங்காலம் 7 மணிக்கு முல்லை படிக்கும்போது சென்னையில விடிகாலை, இங்க முழிச்சிருக்கிறவருக்கு மருதம். ரெண்டு பேரும் ஒரே முகவரியத் திறந்து வேற வேற பக்கம் படிக்கிறாங்க. இது அச்சுப் புத்தகத்துல முடியாத காரியம். இந்த மாதிரி ஒண்ணு கிடைக்கிற வரைக்கும்தான் வெப்சைட் மாதிரியே இருக்குன்னு தோணும், கிடைச்சதும் அந்தக் கவலை போயிடும்.

இப்ப அதே டெக்ஸ்ட்ட அச்சுக்குக் கொண்டுபோங்க, ஏன்னா ஜூரி டேபிள்ல கையில எடுத்துப் பாக்க ஏதாவது வேணும், தவிர அதே எச்டிஎம்எல்ல இருந்து அச்சும் வர முடியும்ங்கிறதுதான் இந்தத் துறையோட ருசியான இடம். சிஎஸ்எஸ்ல அட்-பேஜ்னு ஒரு விதி இருக்கு, தாள் அளவு, மார்ஜின் எல்லாம் அதுல சொல்லலாம். பக்க எண், மேல ஓடுற தலைப்பு இதெல்லாம் ரொம்ப நாளா பிரவுசருக்குத் தெரியாது, 2024 கடைசியிலதான் குரோம்ல மார்ஜின் பகுதிக்குள்ள எழுத நேரடியா வழி வந்துச்சு. அதுக்கு முன்னாடியில இருந்தே பேஜ்ட் ஜேஎஸ்னு ஒரு ஓப்பன் சோர்ஸ் லைப்ரரி இந்தக் குறைய அடைச்சுட்டு இருக்கு, பிரவுசர்லயே பக்கம் பக்கமா வெட்டி, ப்ளீட் (வெட்டுறதுக்காக விடுற கூடுதல் ஓரம்), க்ராப் மார்க் (வெட்டுக்குறி) வரைக்கும் போட்டுக் கொடுக்கும். பிரஸ்ஸல்ஸ்ல ஓப்பன் சோர்ஸ் பப்ளிஷிங்னு ஒரு டிசைனர் குழு, 2006ல இருந்து முழுக்க கட்டற்ற மென்பொருள வெச்சே புத்தகம் பண்றாங்க, பிரான்ஸ்ல ப்ரீபோஸ்ட்பிரின்ட்னு ஒரு கூட்டம் இதே வழி, ராட்டர்டாம்ல பியெட் ஸ்வார்ட் இன்ஸ்டிட்யூட்ல எக்ஸ்பெரிமெண்டல் பப்ளிஷிங்குன்னே முதுகலைப் படிப்பு இருக்கு. இவங்க வேலைகளத் தேடிப் பாருங்க, தோற்றத்தக் காப்பி அடிக்க இல்ல, ஃபைல எப்படிப் பிரிச்சு வெச்சிருக்காங்கன்னு பாக்க.

அச்சுல நான் பட்டத நீங்க பட வேண்டாம்னு சொல்றேன். முதல் தடவ குரோம்ல இருந்து பிடிஎஃப் எடுத்து, ஒரே கலர், கருப்பு மட்டும், டெமி 1/8 அளவு, அஞ்சு ஃபாரம் (ஒரே தாள்ல சேத்து அடிக்கிற பக்கத் தொகுப்பு), பிரஸ்ஸுக்கு அனுப்பிட்டேன். மறுநாள் ஃபோன், "சார், நாலு பிளேட் வருது, ஒண்ணுதானே சொன்னீங்க". பிரவுசர் கொடுக்கிற கருப்பு ஸ்கிரீனுக்கான ஆர்ஜிபி கருப்பு, பிளேட்டுக்குப் போகும்போது அது சயான், மெஜந்தா, மஞ்சள், கருப்புன்னு நாலாப் பிரிஞ்சுடுச்சு. அப்படியே ஓட்டியிருந்தா நாலும் மயிரிழை விலகினாலும் எழுத்தச் சுத்தி கலர் நிழல் வரும், நம்ம எழுத்துல சுழியும் புள்ளியும் அவ்ளோ சின்னது, அடைஞ்சே போயிருக்கும். தப்பு முழுக்க என்னோடது. அன்னைலருந்து ஒரு கலர் வேலைன்னா கோஸ்ட்ஸ்கிரிப்ட்ங்கிற பிடிஎஃப் மாத்துற புரோகிராம்ல போட்டு கிரேஸ்கேலா மாத்தி, அக்ரோபேட்ல செபரேஷன் ப்ரிவ்யூ திறந்து, கருப்ப மட்டும் அணைச்சா பக்கம் வெறுமையாகுதான்னு பாத்துட்டுத்தான் அனுப்புறேன். நடுவுல பின் அடிக்கிற சின்னப் புத்தகம்னா பக்க எண்ணிக்கை நாலால வகுபடணும், இதையும் நினைவுல வெச்சுக்கங்க. காலைப் பொழுதுக்கு வெறும் தாள் விடுறதுன்னு முடிவு பண்ணா அந்தத் தாளுக்கும் காசு கொடுக்கணும், ஸ்கிரீன்ல இலவசமா இருந்த மௌனம் அச்சுல ஃபாரம் கணக்குல வரும்.

தமிழ்ப் பக்கத்துக்குன்னு சில சின்ன விஷயம், டுட்டோரியல்ல வராது. மேல இருக்கிற எச்டிஎம்எல் டேக்ல லாங்க்ல டிஏன்னு மறக்காமப் போடுங்க, வார்த்தைய எங்க உடைக்கிறதுங்கிறது அத நம்பித்தான் இருக்கு. நம்ம வார்த்தைங்க நீளம், ரெண்டு பக்கமும் சமமா இழுத்துக் கட்டுனா நடுவுல வெள்ளை இடைவெளி ஆறு மாதிரி ஓடும். நம்ம புத்தகங்கள்ல வழக்கம் என்னன்னா வரி முடிவுல ஹைஃபன் போடாமலே வார்த்தைய உடைச்சு அடுத்த வரிக்குக் கொண்டுபோறது, சிஎஸ்எஸ்லயும் ஹைஃபன் குறிய வெறுமையா வைக்க வழி இருக்கு. லைன்-ஹைட் இங்கிலீஷ் அளவு வெச்சா மேல் கொக்கியும் கீழ் வளைவும் முட்டிக்கும், 1.6க்குக் கீழ நான் போறதில்ல. தமிழ்ல இட்டாலிக் மரபு கிடையாது, பிரவுசர் தானா எழுத்தச் சாய்ச்சுக் காட்டும், கண்றாவியா இருக்கும், ஃபான்ட்-சிந்தசிஸ 'நன்'னு போட்டு நிறுத்திடுங்க. சங்கப் பாட்டு வரி நாலு சீர், போன்ல மடங்கும், மடங்குன மிச்சம் புது வரியோன்னு குழப்பும், அதனால மடங்குனது உள்ள தள்ளி நிக்கிற மாதிரி இடப்பக்கம் பேடிங் கொடுத்து முதல் வரிய அதே அளவு வெளிய இழுங்க. நேரிசை ஆசிரியப்பால கடைசிக்கு முந்தின அடி மூணு சீர்தான் வரும், அந்தக் குட்டை வரி கண்ணுக்குத் தெரியணும், மடங்குனதோட கலந்துடக் கூடாது. ஃபான்ட்டுக்கு கேடமரன், அனெக் தமிழ், நோட்டோ செரிஃப் தமிழ் இதெல்லாம் ஓப்பன் ஃபான்ட் லைசென்ஸ்ல இருக்கு, வெப்லயும் அச்சுலயும் காசு கொடுக்காமப் போடலாம். கடையில பென்டிரைவ்ல வாங்குன ஃபான்ட்ட வெப்சைட்ல ஏத்தாதீங்க. இன்டிசைன்லயும் பண்ணப் போறீங்கன்னா பாராகிராஃப்ல வேர்ல்ட்-ரெடி கம்போசர் தேர்ந்தெடுக்கணும், 2012ல வந்த சிஎஸ்6ல இருந்து இருக்கு, அது தெரியாம இன்னைக்கும் கொம்பு தப்பான பக்கம் நிக்கிற போஸ்டர்கள் ஊர் பூரா இருக்கு.

இன்னொரு குழி, 'கொ'ங்கிற எழுத்த ரெண்டு விதமா சேமிக்கலாம், ககரத்தோட ஒரே குறியா ஒட்டியும், ககரம், கொம்பு, கால்னு மூணாவும். கண்ணுக்கு ஒரே மாதிரி, மெஷினுக்கு வேற. பழைய எழுத்துருல இருந்து மாத்துன டெக்ஸ்ட்ல ரெண்டும் கலந்து கிடக்கும், தேடுனா பாதி கிடைக்காது. ஆரம்பத்துலயே நார்மலைஸ்னு ஒரு கட்டளை ஓட்டிடுங்க.

எவ்ளோ நாள் நிக்கும்ங்கிறது யாரும் முதல்ல யோசிக்கிறதில்ல. ஃப்ளாஷ்ல எத்தனையோ அருமையான வேலைகள் இருந்துச்சு, 2020 டிசம்பர் 31ஓட அடோபி கைவிட்டுட்டாங்க, எமுலேட்டர் வெச்சுக் கொஞ்சத்தக் காப்பாத்துறாங்க, மிச்சம் போனது போனதுதான். 1990களோட ஆரம்பத்துல செர்ன் ஆய்வுக்கூடத்துல டிம் பெர்னர்ஸ்-லீ போட்ட முதல் வெப்சைட்டோட பழைய பிரதிய இன்னைக்கு உங்க போன்ல திறந்தாலும் திறக்கும், ஏன்னா அது வெறும் எச்டிஎம்எல். அதனால உங்க டெக்ஸ்ட் தனியா ஒரு சாதாரண யூனிகோடு ஃபைல்ல இருக்கட்டும், தோற்றம் சிஎஸ்எஸ்ல, கடிகார விதி ஜாவாஸ்கிரிப்ட்ல, மூணும் தனித்தனி. ஜாவாஸ்கிரிப்ட் ஓடலன்னா 498 பாட்டும் வரிசையாத் தெரியணும். இபப், அதாவது ஈபுக் ஃபைல் ஆக்கலாமான்னு அடுத்துத் தோணும், அதுவும் உள்ள எச்டிஎம்எல்லும் சிஎஸ்எஸ்ஸும் ஜிப் பண்ணதுதான், ஆனா கடிகாரம் பெரும்பாலான ஈ-ரீடர்ல ஓடாது, கிண்டில்ல சுத்தமா ஓடாது. அதனால இபப்ல வேற வடிவம் யோசிக்கணும், அங்க வாசகரையே நேரத்தத் தொடச் சொல்லலாம்.

வேலை பத்தி. இதுல நான் சொல்றது என் சுத்துவட்டாரத்துல பாத்தது மட்டும், பொது உண்மையா எடுத்துக்காதீங்க. எக்ஸ்பெரிமெண்டல் பப்ளிஷர் தேவைன்னு விளம்பரம் நான் பாத்ததில்ல. ஆனா வெளிநாட்டுப் பதிப்பகங்களுக்கு டைப்செட்டிங், ஈபுக் வேல செய்ற கம்பெனிகள் சென்னையிலயும் புதுச்சேரியிலயும் நிறைய, அங்க இபப், எக்ஸ்எம்எல், சிஎஸ்எஸ் தெரிஞ்ச டிசைனருக்கு இடம் இருக்கு. ஐரோப்பிய யூனியன்ல 2025 ஜூன் 28ல இருந்து ஈபுக்குகள் பார்வை இல்லாதவங்களும் படிக்கிற மாதிரி இருக்கணும்னு சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கு, அந்த வேல தெரிஞ்சவங்களத் தேடுறாங்க. மியூசியம், ஆவணக் காப்பகம், சின்னப் பதிப்பகம்னு ஃப்ரீலான்ஸா வர்றது தனி, அது நிலையான வருமானம்னு சொல்ல மாட்டேன். முதல் ரெண்டு மூணு வருஷம் ஒரு கால் வழக்கமான வேலையில இருக்கட்டும்.

ஏஐகிட்ட கேட்டு எழுதிக்கலாமேன்னு கேட்டிருந்தீங்க. கேளுங்க, நானும் கேக்குறேன். எங்கிட்ட ஒரு தடவ எழுத்தப் பிரிக்கக் கொடுத்த கோடு, மேல சொன்ன அதே புள்ளிவட்டத்த வரவழைச்சுது. கன்சோல்ல அந்த 5ஐ நீங்களே ஒரு தடவ பாத்திருந்தீங்கன்னா எங்க தப்புன்னு பத்து நொடியில தெரியும், பாக்கலன்னா ஃபான்ட்ட மாத்தி மாத்திப் பாத்துட்டு இருப்பீங்க.

இந்த வாரம் முப்பது பாட்டு மட்டும் எடுத்து, திணைக்கு ஆறு, எண்ணு, திணை, புலவர், வரிகள்னு ஒரு ஃபைல்ல கையால அடிங்க, காப்பி-பேஸ்ட் வேண்டாம், அடிக்கும்போதுதான் எந்த வரி எங்க மடங்கும்னு விரலுக்குத் தெரியும். கடிகாரத்த ஒட்டி எங்கயாவது ஏத்திட்டு லிங்க் கொடுங்க. நான் காலையில ஏழு மணிக்குத் திறந்து பாக்குறேன், என்ன முடிவு எடுத்திருக்கீங்கன்னு தெரிஞ்சுடும்.